ஏழாம் படி

பாந்த்ராவில் குளிரூட்டிய அரங்கு.
பூங்கொத்தைக் கொடுத்துவிட்டு
மைக்கோடு நின்ற பையன் கேட்டான்:
உங்கள் வெற்றியில் குடும்பத்தின் பங்கு என்ன, மேடம்?
பன்னிரண்டு படிகள் என்றேன்.
நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

யாரும் என்னை அடிக்கவில்லை.
அதுதான் இதைச் சொல்வதில் சிக்கல்.
தட்டில் சோறு விழுந்தது. பள்ளிக்குப் பணம் கட்டினார்கள்.
வருஷத்துக்கு இரண்டு சீருடை.
காய்ச்சல் வந்தால் மாத்திரை,
மேசைமேல், தண்ணீர் இல்லாமல்.
காட்ட ஒரு தழும்புகூட இல்லாதவள்
எதை வைத்து வழக்காட?

செம்பூர். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.
அப்பாவுக்கு மாஹுல் எண்ணெய் ஆலையில் ஷிப்ட்,
அம்மாவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில்.
சாவி மூன்று: அப்பா, அம்மா, ஜகதீசன்.
நீ தொலைத்துவிடுவாய்.
அதுவரை நான் தொலைத்தது
இரண்டாம் வகுப்பில் ஒரு ரப்பர்.
அதுவும் கிடைத்துவிட்டது.

ஒன்றரைக்குப் பள்ளி விடும். அண்ணன் வர ஆறாகும்,
கிரிக்கெட் இருந்தால் ஏழு.
வந்தும் உள்ளே தாழிட்டுக்கொண்டு
"யாரு?" என்பான்.
பேரைச் சொன்னால்
"அப்படி யாரும் இங்க இல்லையே."
ஒருநாள் அம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள்.
அவள் சிரித்து நான் பார்த்ததே சில தடவைதான்,
அதனால் நானும் சிரித்தேன்.

ஏழாம் படியில் உட்கார்ந்தால்
ட்யூப் லைட் வெளிச்சம் நேராக நோட்டில் விழும்.
ஐந்தாவதில் மீட்டர் பெட்டியின் நிழல்.
ஒன்பதுக்கு மேல் மழைக்காலத்தில் ஒழுகும்.
அங்கேதான் வகுத்தல். அங்கேதான் நுண்கணிதம்.
நிகழ்தகவு,
வடாபாவ் சுற்றிவந்த தாளின் பின்பக்கத்தில்.
நான்கு மணிக்கு மேல் அவசரம் வந்தால்
தொடையை இறுக்கிக்கொண்டு ஏழாம் வாய்ப்பாடு,
பன்னிரண்டேழு எண்பத்து நாலு வரை,
பிறகு மறுபடி முதலிலிருந்து.
யார் ஏறி வந்தாலும்
செருப்புச் சத்தத்திலேயே ஆளைச் சொல்வேன்.
எங்கள் வீட்டுச் செருப்புகள் மட்டும்
என் பக்கத்தில் வந்தும் வேகம் குறையாது.

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு.
"சரி, அந்த நாற்காலியை நகர்த்து, பெருக்கணும்."
நகர்த்தினேன்.

இப்போது காப்பீட்டுக் கம்பெனியில் ஜன்னலோர அறை.
மனிதர்கள் எந்த வயதில் சாவார்கள் என்று
அட்டவணை போடுவது வேலை.
விக்ரோலியில் சொந்த வீடு.
ஆறு சாவி வெட்டச் சொன்னேன்.
எத்தனை பேர் மேடம் என்றான் பூட்டுக்காரன்.
ஒருத்தி.
ஒன்றாம் தேதி அம்மாவுக்குப் பணம் போகும்.
"வந்தது" என்று பதில் வரும். நான்கு எழுத்து.

அப்பா போனது எழுபத்து நாலில்.
அட்டவணைக்குச் சற்று முன்னால்.
அழுகை வருமென்று ஒருநாள் கூடுதலாக லீவு போட்டேன்.
வரவில்லை. திரைச்சீலைகளைத் துவைத்தேன்.

வீட்டைக் காலி செய்த அன்று
எதிர்வீட்டு காமத் ஆன்ட்டி
மசாலா டப்பாவிலிருந்து
சிவப்பு நூல் கட்டிய ஒரு சாவியை எடுத்துவந்தார்.
உன் அப்பா கொடுத்துவைத்தது,
அவசரத்துக்கு.
எண்பத்தாறிலிருந்து இருக்கிறது.

எண்பத்தாறில் எனக்கு ஒன்பது வயது.
அவர் வாசலிலிருந்து பார்த்தால்
ஏழாம் படி தெரியும்.

உனக்குப் படியில் உட்கார்ந்து படிக்கத்தான் பிடிக்கும்
என்று சொன்னார்களே மகளே,
நான்கூட டிவி சத்தத்தைக் குறைத்தே வைப்பேன்.

டெம்போ போன பிறகு
போட்டுப் பார்த்தேன். ஒரே சுற்று. திறந்தது.
உள்ளே போகவில்லை.
பூட்டிவிட்டு இறங்கி, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன்.
ட்யூப் லைட் இல்லை இப்போது, சென்சார் விளக்கு.
அசையாமல் இருந்தால் அணைந்துவிடுகிறது.
அவ்வப்போது
கையை உயர்த்த வேண்டியிருந்தது.